டயர் வெடிக்கவில்லை

மச்சான்,

பக்கத்துக் காணியில் இன்று காலை குழாய்க் கிணறு தோண்ட ஆட்கள் வந்தார்கள். இந்த முறை மழை சரியாகப் பெய்யவில்லை. ரத்தோட்டை வீதி நெடுக வீட்டுக் கிணறுகளில் வாளி அடித்தரையைத் தட்டுகிறது. லொறியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தி, அதன் மேலிருந்த இரும்புச் சட்டத்தை நிமிர்த்தினார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் தகர டப்பாவுக்குள் பிரஷ்ஷை விட்டு எடுத்து, குழாயின் மரையில் கிறீஸ் பூசினார். காற்று என் பக்கம் திரும்பியது.

அந்த மணம் உனக்குத் தெரியும். எண்ணெயும் செம்புத்தூளும் வெயிலும் கலந்த மணம். எத்தனை தரம் துவைத்தாலும் நம் உடுப்பை விட்டுப் போகாதது. நீ லீவில் வந்தால் ரீட்டா உன் பெட்டியை வீட்டுக்குள் எடுக்க விடமாட்டாள். முதல் நாள் முழுக்க அது விறாந்தையிலேயே கிடக்கும். கோப்பையை மதில் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ போனது எப்படி என்று நான் ஒரு பொய் சொன்னேன். அதை இரண்டு பேரிடம் திருத்திச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத் தேவையில்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் உனக்குத்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடத்தை நினைத்துப் பார். ஓமானிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லீவில் வந்திருந்தோம். பதினைந்து வருடமாக எண்ணெய் எடுக்கிற இடத்தில் உழைத்த இரண்டு பேர், மாத்தளை டவுனில் என் தம்பியின் த்ரீவீலரை அடி அடியாகத் தள்ளிக்கொண்டு நின்றோம். காலையில் போனவர்களுக்கு மத்தியானம் ஆகியும் பெற்றோல் செட்டின் கூரை தெரியவில்லை. நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். "தோண்டுறதும் நாமதான், வரிசையில நிக்கிறதும் நாமதான்" என்று முன்னால் நின்ற ஆளிடம் சிங்களத்திலும் சொல்லிச் சிரிக்க வைத்தாய்.

நான் அப்போது களத்திலிருந்து ஒபிசுக்கு ஏறி ஐந்தாறு வருடம். கண்ணாடி அறை, கழுத்துப்பட்டி, காலையிலிருந்து மாலை வரை கூட்டம். நீ களத்திலேயே இருந்தாய். எண்ணெய்க் கிணற்றின் வால்வையும் குழாயையும் பாவனைக்கு விடுமுன் உள்ளே தண்ணீர் ஏற்றி, பம்ப்பால் அழுத்தம் கொடுத்து, கசிகிறதா என்று பார்ப்பது உன் வேலை. கசியாது என்று நீ கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் அதன் பக்கத்தில் போவார்கள். ஒபிசில் உட்கார்ந்த பிறகு என் கையெழுத்தை நம்பி எவரும் எதன் பக்கத்திலும் போனதில்லை. அது என்னை உள்ளுக்குள் அரித்தது.

"நான் வேலைய விடப் போறேன்" என்றேன்.

"ஒவ்வொரு லீவுலயும் இதத்தான் சொல்ற."

"இல்லடா. சொந்தமா தொடங்கப் போறேன். ஒரு பம்ப், ஒரு வாகனம், நாலு பேரு. சின்னச் சின்ன வேலைக்குப் பெரிய கொம்பனிங்க வர மாட்டேங்கிறாங்க. அத நாம எடுப்போம்."

"நாமன்னா யாரு?"

"நீயும் நானும்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. வண்டியைத் தள்ளினோம். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டாய். "எனக்கு என்னடா கொற? மாசம் முடிஞ்சா சம்பளம் வருது. பெரியவ ஓ.எல். பரீட்சை எழுதப் போறா. நீ போ. நல்லா வருவ. நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

"நீ வராட்டி நானும் போகல" என்றேன்.

அது உண்மையில்லை மச்சான். நீ வராவிட்டாலும் நான் போயிருப்பேன். எந்தச் சொல்லைச் சொன்னால் நீ மறுக்கமாட்டாய் என்று தெரிந்து சொன்னேன். "சரி, ரீட்டாகிட்ட நீயே சொல்லு. எனக்குப் பயமா இருக்கு" என்றாய்.

ரீட்டா தையல் மெஷினில் இருந்தாள். நான் சொன்னதை எல்லாம் காலால் மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி: "அண்ணே, நீங்க அவரு கூடவே இருப்பீங்கதானே?"

"இருப்பேம்மா" என்றேன்.

இருந்தோம். அந்த ஒன்றரை வருடம் என் வாழ்க்கையில் வேறு எதற்கும் ஈடாகாது. ஓமானில் ஒரு தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் ஒரு பழைய கொள்கலன்தான் நம் ஒபிஸ். பகலில் அதற்குள் இருக்க முடியாது, வாகனத்தின் நிழலில் இருந்து கணக்கு வழக்குப் பார்ப்போம். நம் ஊர்ப் பக்கம் நாலந்தாவிலிருந்து ஒரு வெல்டர் வந்தார். பல்லேகமவிலிருந்து சுனில் வந்தான். லக்கலப் பக்கம் குழாய்க் கிணறு லொறியில் வேலை செய்தவன். பம்ப்பும் வாகனமும் அவன் பொறுப்பு. உன்னை அண்ணன் முறையில் "அய்யே" என்பான், என்னை "சேர்" என்பான். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

முதல் வேலைக்குப் போன இடத்தில் அவர்களுடைய அதிகாரி, "உங்கள் கொம்பனியில் எத்தனை பேர்?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமி, பெரிய கொம்பனி மாதிரி வட்டாரம், பிரிவு என்று ஏதோ ஆரம்பித்தேன். நீ குறுக்கே புகுந்து, "நாங்கள் நாலு பேர் ஐயா, நாலு பேரும் இங்கேதான் நிற்கிறோம்" என்றாய். அந்த ஆள் சிரித்துவிட்டு வேலையைத் தந்தார். திரும்பி வரும்போது நான் உன்னோடு பேசாமல் வந்தேன். நீ அதைக் கவனித்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாரையும் தடுப்புக்குப் பின்னால் அனுப்பாமல் நீ பம்ப்பைத் தொடமாட்டாய். யாராவது வேடிக்கை பார்க்க எட்டி வந்தால் போதும், "தண்ணிதானேன்னு நிக்காதீங்க!" என்று கத்துவாய். அழுத்தம் ஏறிய தண்ணீர் ஊசி ஓட்டையால் வந்தாலும் ஆளை அறுத்துவிடும் என்று நீ கண்ணால் கண்டிருந்தாய்.

பழைய கொம்பனியில் ஒரு விதி இருந்தது. பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்தவன் வாகனம் ஓட்டக்கூடாது, முகாமில் படுத்து எழும்பித்தான் புறப்பட வேண்டும். பாலைவன வீதியில் தூக்கத்தில் போனவர்களை நாம் எத்தனை பேரைப் பார்த்திருப்போம். கொள்கலன் வந்த முதல் கிழமையே நீ மார்க்கர் பேனையால் அதன் சுவரில் அந்த விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாய். சிங்களத்தில் ஓர் எழுத்தைச் சுனில் திருத்தினான். "அது யாரோ அச்சடிச்சு ஒட்டுனது. இது நாம எழுதுனது. அதனால மீற ஏலாது" என்றாய்.

மீறியது நான்.

மூன்று கிழமை வேலையின் கடைசி நாள். நீ ஒரு வால்வோடு மல்லுக்கட்டி, இரவு முழுக்க அங்கேயே நின்று, காலை ஒன்பது மணிக்குத்தான் முடித்திருந்தாய். பதினான்கு மணித்தியாலம் ஆகியிருந்தது. அந்த நேரம் எனக்கு வேறொரு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் கைவிட்டுப் போய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் நம் ஆள் போய் நின்றால் அந்த வருடம் முழுக்க வேலை நமக்கு. மூன்று மணித்தியால ஓட்டம். அவர்களுடைய தளத்துக்குள் போக அனுமதி அட்டை உன்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் உனக்குக் கோல் பண்ணினேன்.

"விடியவிடிய நின்னுருக்கேன்டா. ரெண்டு மணித்தியாலம் கண்ண மூடிட்டுப் போறேனே" என்றாய்.

"ரெண்டு மணித்தியாலம் இருந்தா நான் ஏன்டா ஒனக்குக் கோல் பண்றேன்?"

"செவத்துல என்ன எழுதியிருக்கோம்?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. நான் மறந்துவிட்டேனோ என்று நினைவூட்டுகிற மாதிரித்தான் கேட்டாய்.

"நாம எழுதுனதுதானே. இன்னிக்கு ஒரு நாளைக்கு நாமளே அழிச்சிக்குவோம்."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை எத்தனையோ தரம் காதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. "சரிடா, போறேன்" என்றாய்.

சுனில் உன்னோடு வர எழுந்திருக்கிறான். நீதான் அவனை விடவில்லை. "நீயும் ராத்திரி முழுக்க நின்னவன். படு. இதுக்குப் பேருதான் விதி" என்று சுவரில் எழுதியதைச் சொல்லி அவனைப் படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அவனுக்கு அந்த விதியைக் காப்பாற்றிக் கொடுத்தாய்.

மத்தியானம் பொலிஸிலிருந்து கூப்பிட்டார்கள். நானே ஓட்டிக்கொண்டு போனேன். நேர் வீதி. வளைவில்லை, எதிரே வாகனமில்லை, ஒட்டகம் குறுக்கே வந்த தடமில்லை. வாகனம் வீதியை விட்டு மெதுவாக விலகி, மணலில் இறங்கி, பிறகு உருண்டிருந்தது. பிரேக் பிடித்த அடையாளமே இல்லை. பின்பக்க டயர் ஒன்று கிழிந்து கிடந்தது. அது உருண்டதில் கிழிந்தது என்று பொலிஸ்காரர் விரலால் காட்டிச் சொன்னார். "தூங்கிவிட்டார்" என்றார். உன் முகத்தில் காயமே இல்லை மச்சான். நெற்றியில் மட்டும் மணல் ஒட்டியிருந்தது. நான் துடைத்தேன்.

ரீட்டாவுக்குக் கோல் பண்ணி நான்தான் சொன்னேன். அவள் அலறவில்லை. "அண்ணே, அவரு தூங்கிட்டாரா?" என்று கேட்டாள். லீவில் வந்தால் பஸ்ஸில் ஏறினதுமே நீ தூங்கிவிழுகிறவன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. தூக்கத்தோடு அவரை ஓட்டச் சொன்னது யார்?

"இல்லம்மா. டயரு வெடிச்சிருச்சி" என்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து உன்னை ஊருக்குக் கொண்டு வந்தோம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து மாத்தளை வரை வேனில் நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். மழை. நக்கிள்ஸ் மலை கண்ணுக்கே தெரியவில்லை. தோட்டத்துச் சனம் முழுக்கக் கோயில் வாசலில் குடை பிடித்து நின்றது. வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டார்கள், எல்லாருக்கும் நான் டயரைச் சொன்னேன். "விதி" என்று பெருமூச்சு விட்டார்கள். நாம் சுவரில் எழுதியதும் விதிதான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சுனிலும் உன்னோடு ஊருக்கு வந்தான். ஓமானுக்குத் திரும்பவில்லை. துக்கம் தாங்காமல் நின்றுவிட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நான் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தேன். அந்த வருட வேலை நமக்கே கிடைத்தது, தெரியுமா? நீ மத்தியானத்துக்குள் போய்ச் சேராத அந்த இடம். ஆள் செத்துப்போன சின்னக் கொம்பனி என்று இரக்கப்பட்டுத் தந்தார்கள். புது பம்ப் வந்தது, ஆட்கள் கூடினார்கள், புது ஒபிஸ் வந்தது. கொள்கலனை விற்கிறபோது சுவரில் இருந்ததை அழிக்க ஆள் வைத்தேன். அழித்து முடியும் வரை நான் வெளியே நின்றேன்.

ஒரு வருடத்துக்கும் மேல் போன பிறகுதான் நாலந்தா வெல்டர் லீவு முடிந்து வந்து சொன்னார். "சேர், சுனில் இப்ப வாகனம் தொடுறதே இல்ல. பஸ்ஸுல போறதுன்னாலும் பின் சீட்டுலதான். அந்தப் பின் டயரு விபத்துக்கு முந்தின கிழம அவன் மாத்திப் போட்டதாம். அவன் சரியா போடாததாலதான் அய்யே செத்தாருன்னு ஊருல பேச்சு. அவனே அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறான்."

என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன ஒரு வார்த்தை, நீ படுக்க வைத்துவிட்டுப் போனவனின் தலையில் இறங்கியிருந்தது.

அடுத்த கிழமையே ஊருக்கு வந்தேன். ரத்தோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கிப் போகிற பஸ். ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பல்லேகமவில் இறங்கி வயல் வரம்பால் நடந்தேன். சுனில் யானை வேலிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. "சேர், நான் அந்த நட்டுகளை இறுக்கினேன். ஒவ்வொன்றாக இறுக்கினேன். எங்கே விட்டேன் என்றுதான் தெரியவில்லை" என்றான் சிங்களத்தில். வணக்கம்கூடச் சொல்லவில்லை. அதுதான் முதல் பேச்சு.

"டயர் வெடிக்கவில்லை சுனில்" என்றேன் நானும் சிங்களத்தில். "அவர் தூங்கிவிட்டார். பதினான்கு மணித்தியாலம் வேலை செய்தவரை நான்தான் ஓட்டச் சொன்னேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கையை ஓங்குவான் என்று நினைத்தேன், ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாங்க" என்று மட்டும் சொல்லி வீட்டுக்கு முன்னால் நடந்தான். அவனுடைய அப்பா, அம்மா, சித்தப்பா, பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் என்று கூப்பிட்டு நிறுத்தினான். "இப்போது சொன்னதை இவர்களுக்கும் சொல்லுங்கள்" என்றான்.

சொன்னேன். பாதியில் என் சிங்களம் தடுமாறியது. சுனில் உதவவில்லை. முடிந்ததும் அவனுடைய அப்பா, "என் மகன் ஒன்றரை வருடமாகச் சரியாகச் சாப்பிடவில்லை மாத்தயா" என்றார். தண்ணீர் தந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். இப்போது சுனில் யாருடையதோ உழவு மெஷின் ஓட்டுகிறானாம். வெல்டர்தான் சொன்னார். என்னோடு பேசுவதில்லை.

மறுநாள் ரீட்டாவிடம் போனேன். மெஷினில்தான் இருந்தாள். நான் பேசப் பேச அவள் கால் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதையும், நான் அழிச்சிக்குவோம் என்றதையும் சொன்னேன். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே கேட்டேன்ல அண்ணே. தூங்கிட்டாரான்னு கேட்டேன்."

"ஆமாம்மா."

"நான் அவரத்தான் திட்டுனேன், தெரியுமா? டயர ஒழுங்கா பாக்காம ஏறுனீங்களேன்னு. படத்துக்கு முன்னால நின்னு திட்டுனேன். பிள்ளைங்களுக்குக் கேக்க திட்டுனேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "கூடவே இருப்பேன்னீங்க. அதக்கூட விடுங்க. செத்த மனுசன் மேல பழியப் போட்டுட்டு, அவரு பெட்டிக்குப் பக்கத்துலயே ஒக்காந்து வந்தீங்களே."

மடியிலிருந்த துணியை எடுத்து மெஷின் மேல் வைத்தாள்.

"போங்கண்ணே. கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. நான் தொழிலை வெல்டரிடமும் இன்னொருவரிடமும் ஒப்படைத்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். டவுனில் ரீட்டாவைத் தூரத்தில் கண்டால் மற்றப் பக்கம் போய்விடுவேன். உன் ஆண்டுப் பூசைக்கு முந்தின நாள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "பூசை ஆறு மணிக்கு." அவ்வளவுதான். போனேன். கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். முடிந்து வெளியே வரும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் உன் பெரியவளிடம், "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றாள். அவள் சொன்னாள். உன்னுடைய கண் மச்சான், அச்சாக உன்னுடைய கண்.

சுனிலிடமும் ரீட்டாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதினேன். ஒன்றைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அன்று "சரிடா, போறேன்" என்ற பிறகு நான் உடனே கோலை வெட்டவில்லை. விரல் பொத்தானுக்குப் போனதற்கும் வெட்டியதற்கும் இடையில் உன் குரல் இன்னொரு தரம் வந்தது. தூக்கம் ஏறிய குரல்.

"நீ சாப்பிட்டியாடா?" என்று கேட்டாய்.

கேட்டது. கேட்டுக்கொண்டே வெட்டினேன். நம் ஆள் புறப்பட்டுவிட்டான் என்று வேலை தருகிறவர்களுக்குச் சொல்லும் அவசரம்.

சாப்பிட்டிருந்தேன் மச்சான். அன்று காலை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவனாகத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.